எந்தக் கை முதலில்

எங்கள் வீட்டில் யாரிடமாவது நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால், எலி வளர்க்கிறாள் என்று சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கூண்டு கூண்டாக வெள்ளெலிகள் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுத்து அவற்றின் கழுத்துக்குள் ஓடும் தண்டுவடத்தில் சிறு காயம் செய்வோம். காயம் ஆறியதும், கண்ணாடிச் சுவரில் உள்ள ஒரு பிளவு வழியாக முன்னங்கையை நீட்டிச் சர்க்கரை உருண்டையை எடுக்க அவற்றைப் பழக்குவோம். இழந்த அசைவில் எவ்வளவு திரும்பி வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பது என் வேலை. வருடம் முழுக்க வயற்காட்டில் எலியோடு மல்லுக்கட்டுகிற என் சொந்தக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் தவறாமல், எங்கள் காட்டில் இருப்பதையும் பிடித்துக்கொண்டு போ, அதுகளுக்கெல்லாம் கை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்பார்.

அரும்பாவூர்ப் பக்கம் அவருக்கு நிலம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாற்றி மாற்றிப் போடுவார். அந்த வருடம் மாசியில் வெங்காயம் நன்றாக வந்திருந்தது. மூட்டைகளை லாரியில் ஏற்றி, தார்ப்பாய் விரித்து, மேலே நின்று கீழே குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் கால் வழுக்கி முன்பக்கமாக விழுந்தார். விழுகிற வழியில் தாடை லாரியின் பின்பலகையில் மோதி, தலை பின்னால் மடங்கிவிட்டது. தரையில் கிடந்தபடி எல்லோரிடமும் தெளிவாகப் பேசியிருக்கிறார். என் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

பெரம்பலூரில் முதலுதவி செய்து திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நான் பெங்களூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கட்டிலைச் சுற்றி அவருடைய அம்மா, சித்தப்பா, பங்காளிகள் என்று ஒரு கூட்டம் நின்றது. அக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை. கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"உனக்குத் தெரியும்ல. சொல்லு."

நான் மருத்துவர் இல்லை, ஆராய்ச்சிதான் செய்கிறேன் என்று அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அதை மறுபடியும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பணி மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். முதல் நாள் சோதித்தபோது கீழே எங்கும் உணர்ச்சி இல்லை என்றார். ஆனால் அடிபட்ட அதிர்ச்சியில் தண்டுவடம் சில நாட்கள் ஊமையாகிவிடும், அந்த நேரத்துச் சோதனையை நம்ப முடியாது, நாளைக் காலையில் மறுபடியும் பார்க்கிறேன் என்றும் சொன்னார். சரியான பேச்சுத்தான். எனக்குக் காலை வரை பொறுக்க முடியவில்லை.

கட்டிலுக்குத் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் அக்கா கணவரும் கொழுந்தியாளும் கேலி பேசலாம், சண்டை போடலாம். நான் கேட்கப் போனது அந்த வகையில் சேராது. கூட்டத்தை வெளியே போகச் சொன்னேன். அவருடைய அம்மாவும் அக்காவும் நகரவில்லை. சரி என்று குனிந்து கேட்டேன்.

"மாமா, நர்ஸ் உறை போட்டுக்கிட்டு மலம் எடுத்துவுடுறாங்கள்ல, அப்ப அவங்க வெரல் படுறது தெரியுதா?"

அத்தை, அதாவது அவருடைய அம்மா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கழுத்துப் பட்டையால் தலையைத் திருப்ப முடியாது, கண்ணை மூடுவது ஒன்றுதான் அவரால் முடிந்த மறைவு. நான் நகராமல் நின்றேன். கேட்டதையே இன்னொரு முறை கேட்டேன்.

"தெரியுது," என்றார்.

"தொடுறது தெரியுதா, இல்ல, ஏதோ அமுக்குற மாரி இருக்கா?"

"தெரியுதுன்னு சொல்றேன்ல. விடு."

நான் வெளியே வந்து அங்கே நின்ற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று சித்தப்பா பார்த்தார். அக்காவிடம் மட்டும் விளக்கினேன். தண்டுவடத்தின் அடிக்கோடியிலிருந்து கிளம்புகிற நரம்பு அந்த இடத்துக்குத்தான் போகிறது. ஊர்க்கோடி வீட்டில் விளக்கு எரிந்தால் வழியில் எங்கும் மின்கம்பி முழுதாக அறுபடவில்லை என்றுதானே அர்த்தம். அதே கணக்குத்தான் இங்கேயும். தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை. எவ்வளவு திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் திரும்பும். இத்தனை வருடம் படித்ததில் எது உறுதி, எது ஆசை என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். இது உறுதியின் பக்கம் இருந்தது. மறுநாள் காலையில் மருத்துவரும் சோதித்துவிட்டு அதையே சொன்னார்.

சித்திரையில் வலது காலின் கட்டைவிரல் அசைந்தது. பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. பெரம்பலூரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து போனார். சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். ஆடி மாதத்தில் மாமா சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தார். அக்கா போனில் அதைச் சொல்லிவிட்டு, என்னைப் பேச விடாமல் அழுதாள்.

வீட்டில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். சுற்றுவட்டாரமே வந்து பார்த்தது. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒருவர், தன் கூட்டாளியின் மகன் லாரியிலிருந்து விழுந்து அப்படியே படுக்கையாகிப் போனதால் அவனை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். அத்தை கோயில் பெயரைச் சொன்னார். அக்கா என் பெயரைச் சொன்னாள். உண்மையில் இரண்டும் இல்லை. இந்த மாதிரி அடியில் கால் முதலில் திரும்புவதும், கை கடைசியில் திரும்புவதும், சில பேருக்குத் திரும்பாமலே போவதும் வழக்கம். ஏன் அப்படி என்பதில் என் துறையில் இன்னும் சண்டை தீரவில்லை. விரல்களை ஆட்டுவிக்கும் நரம்பு இழைகள் தண்டுவடத்தின் உள்பக்கம் ஓடுவதால் நசுங்கலில் அவைதான் அதிகம் சேதமாகின்றன என்று ஒரு கட்சி. மனிதனின் விரல் மூளையையே முழுக்க நம்பியிருக்கிறது, காலுக்கு அவ்வளவு தயவு தேவையில்லை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நான் போனபோது மாமா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து வரவேற்றார். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டித் தொங்கின. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக அசைந்தன. இடது கையில் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் வந்திருந்தன. விரல் ஒன்றுகூட வரவில்லை. அக்கா சோறு ஊட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடந்தபோது பார்த்த முகத்தைவிட இந்த முகம் இறுகிப்போயிருந்தது.

அன்று மாலை காட்டுக்குப் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார். மக்காச்சோளத்துக்கு நடுவே வரப்பில் மெதுவாக நடந்தோம். பேச்சை அவர்தான் எடுத்தார். படுத்துக் கிடந்தபோது ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டார்கள். நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, போகத்தானே வேண்டும் என்றார். ஆனால் நன்றாக நடக்கிற ஒரு ஆம்பிளை, வேட்டியை அவிழ்க்க முடியாமல் கொல்லையில் நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான். அவள் காட்டில் இருந்தால் அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

"எல்லாரும் வலது கைதான் வரணும், வலது கைதான் வரணும்னு சொல்றாங்க. சோறு யாரு வேணா ஊட்டலாம், அதுல என்ன இருக்கு. கழுவிவுட யாரக் கூப்புடுறது? உங்க அக்கா செய்யிறா. அவ ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் உசுரு போவுது. எனக்கு இடது கைய வரவழைச்சுக் குடு."

ஆறுதலாக ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிற விஷயம் இல்லை அது. என் மனதில் ஓடியது எங்கள் கூடத்து எலிகள்தான். சர்க்கரை உருண்டையை எடுக்கப் பழக்கிய எலிகள் அதில் தேறிவிடும். அதே எலிகளைக் கம்பி ஏணியில் நடக்க விட்டால், எந்தப் பழக்கமும் கொடுக்காத எலிகளைவிட மோசமாகக் கால் தவறி விழும். நாங்களும் பார்த்தோம், எங்களுக்கு முன்பு பிறரும் பார்த்திருக்கிறார்கள். தப்பிப் பிழைத்த இழைகள் கொஞ்சம். அவை புதுக் கிளை விடும், ஆனால் எந்த வேலையைக் கொடுக்கிறோமோ அந்தப் பக்கமாகத்தான் விடும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பழக்கினால் எதுவும் உருப்படாது. எலியிடம் உனக்கு எது வேண்டும் என்று கேட்க முடியாது, நாங்களே தீர்மானித்துவிடுவோம். மாமாவிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

படித்தவள் என்ற முறையில் எனக்கு வலது கைதான் சரியென்று பட்டது. அதில்தான் விரல் அசைகிறது. அந்தக் கையையே எல்லாவற்றுக்கும் பழக்கிக்கொள்ளலாம், சோப்பு இருக்கிறது என்றேன். அவர் நின்றுவிட்டார். அந்தக் கையால் கழுவி அதே கையால் சாப்பிடுவதா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை போலக் கேட்டார். அதற்குமேல் வாதாட எனக்கு மனமில்லை. வாதத்தில் நான் ஜெயித்தாலும் அவர் அந்தக் கையால் சாப்பிடப் போவதில்லை.

வரப்பில் திரும்பி நடக்கும்போதுதான் வேறு விதமாக யோசித்தேன். சோறு பிசைய விரல் வேண்டும். கழுவுவதற்கு விரல் அவ்வளவாக வேண்டாம். தோள் பின்னால் போக வேண்டும், முழங்கை மடங்க வேண்டும், மணிக்கட்டு வளைய வேண்டும். மூன்றும் இடது கையில் இருந்தன, பலம் மட்டும் இல்லை. இரண்டு கைக்கும் ஒரே பாடம் தேவையில்லை, ஒரே நேரத்திலும் தேவையில்லை. வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

"முதல்ல இடது கை மாமா. வெரலப் பத்திக் கவலப்படாதீங்க. அது முடிஞ்சப்புறம் வலது கையத் தொடுவோம்."

"வருமா?"

"கழுவுற அளவுக்கு வரும். அதுக்கு நான் பொறுப்பு. வெரல் வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அப்படி நான் பொறுப்பேற்றுக்கொண்டது சரியா என்று என் கூடத்தில் ஒருவர் பின்னால் கேட்டார். இருக்கிற தசைக்குப் பலம் ஏற்றுவது, இருக்கிற அசைவைத் திருத்துவது, இவ்வளவுதானே. அதில் சந்தேகப்பட எனக்கு எதுவும் இருக்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்தோம். சாய்மானம் இல்லாத ஸ்டூல் ஒன்றில் அவரை உட்கார வைத்தோம். பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, ஒரு கம்பியில் துணிக் கிழிசல்களைச் செருகி வைத்தோம். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டை வளைத்து, கையின் விளிம்பால் ஒவ்வொன்றாக வாரி இழுத்துக் கீழே போட வேண்டும். சுலபமானதும் கம்பியை இன்னும் கீழே இறக்குவோம், துணியை இறுக்கிச் செருகுவோம். பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்து, உட்காரும்போது அவர் ஒரு பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்து, முதலில் இடுப்பை நிலைநிறுத்தும் பயிற்சியைச் சேர்த்தார். எதற்காக இந்தப் பயிற்சி என்று எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். தோள் பிடிப்புக்கு என்று வெளியே சொல்லிக்கொண்டோம். அத்தை சில நாள் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டாராம்.

"ஊருல இல்லாத படிப்புப் படிச்சிட்டு வந்து, எம் புள்ளைக்கு முதுகு சொறியச் சொல்லிக் குடுக்குறாளா உன் தங்கச்சி?"

அக்கா போனில் இதைச் சொல்லும்போது பின்னாலிருந்து மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

பெங்களூரிலிருந்து நான் வீடியோவில் பார்ப்பேன். தினமும் காலையில் ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை. தப்பாக இழுத்தால் உடனே சொல்வேன். உடம்பு கள்ளத்தனம் செய்யும். தோளால் முடியாததை உடம்பைச் சாய்த்துச் செய்துவிடும். எலியும் இப்படித்தான், கை நீளாவிட்டால் முழு உடம்பையும் பிளவுக்குள் திணிக்கும். அந்தச் சாய்வை அனுமதித்தால் சாய்வதைத்தான் கற்றுக்கொள்ளும். மாமாவுக்குச் சில நாள் என் மேல் எரிச்சல் வந்தது. ஒருநாள் போனை அணைக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

கழிப்பறையையும் கொஞ்சம் மாற்றினோம். ஆஸ்பத்திரிகளில் இருப்பது போல முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய் வைத்தோம். தண்ணீர் தானாகப் பீய்ச்சும்படி உட்காரும் பேசினுக்குள் ஒரு குழாய். முடிச்சுப் போடும் வேட்டிக்குப் பதிலாக ஒட்டிக்கொள்கிற வேட்டி. கதவுத் தாழ்ப்பாள் விரலால் திருகுகிற மாதிரி இருந்தது, அதை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தள்ளுகிற இரும்புத் தாழ்ப்பாள் போட்டோம். அது எதற்கு என்று அக்கா கேட்டாள். உள்ளே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கதவைத் திறக்க முடியாதே என்றாள். மாமா வேண்டும் என்றார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு அக்கா இட்லி வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போனார். அக்கா வழக்கம்போல அடுப்பைக் குறைத்துவிட்டுப் பின்னால் போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா கதவுக்கு முன்னால் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். குழாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அக்கா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள், நான் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. வேட்டி பாதி நனைந்திருந்தது. எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க என்ன வேடிக்க? போயி வேலயப் பாருங்க."

அக்கா உள்ளே ஓடினாள். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி அடித்தட்டு இட்லி தீய்ந்துவிட்டது. தட்டில் அதைப் போட்டு மாமாவுக்கு ஊட்டினாள். அவர் முகத்தில் அந்த இறுக்கம் இல்லை. தீய்ந்த இட்லியை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வலது கையை எடுத்தோம். அது நெடுங்காலம் பிடித்தது. முறத்தில் வெங்காயத்தைப் பரப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடுவார். முதலில் பெரிய வெங்காயம், பிறகு சின்ன வெங்காயம், பிறகு அதிலும் பொடிசு. இன்று இட்லியையும் தோசையையும் தானே பிட்டுச் சாப்பிடுகிறார். சோற்றுக்குக் கரண்டி. போனை எடுத்துப் பேசுகிறார், எனக்குத் தப்புத் தப்பாக மெசேஜ் அனுப்புகிறார். சட்டைப் பொத்தான் இன்னும் அக்காதான் போட்டுவிடுகிறாள். இடது கை விரல்கள் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த அனுபவம் என் வேலையைத் திருப்பிவிட்டது. அதற்கு முன்பே எங்கள் கூடத்தில், கழுத்தின் தோல்மேல் லேசான மின்சாரம் கொடுத்துக்கொண்டே கைப் பயிற்சி தந்தால் பலன் கூடுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் அதைக் கையில் எடுத்தேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றோடு சேர்ந்து, அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களை வைத்து ஆரம்பித்தோம். கல் குவாரி லாரிகள், நெடுஞ்சாலை, மரம், கிணறு என்று கழுத்தில் அடிபடுவதற்கு எங்கள் பக்கத்தில் வழிகளுக்குக் குறைவில்லை. திட்டத்தில் நான் பிடிவாதமாக ஒன்றைச் சேர்த்தேன். ஆய்வுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், வீட்டார் யாரும் அறையில் இல்லாதபோது, உங்கள் கையால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டும். பயிற்சி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பயிற்சி என்றால் எப்படி அளப்பது என்று கூட்டாளிகள் ஆட்சேபித்தார்கள். அளக்கிற வழியை நான் கண்டுபிடிக்கிறேன் என்றேன், கண்டுபிடித்தேன்.

முதல் ஆளாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாமா கேட்டார். முடியாது என்றேன். உங்கள் கை கொஞ்சம் அசைந்தாலும் என் கண்ணுக்கு அதிகமாகத் தெரியும், அளக்கிறவளுக்கு அந்தப் பாசம் இருக்கக் கூடாது, தவிர நீங்கள் ஏற்கெனவே பழகியவர் என்று விளக்கினேன். ஊரில் எல்லோருக்கும் செய்கிறாய், வீட்டு ஆளுக்கு இல்லையா என்று கோபித்துக்கொண்டு அவர் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு மழை பெய்து விதைப்பு வந்ததும் அந்தக் கோபம் தானாகப் போய்விட்டது.

ஆய்வுக்கு முதலில் வந்தவர் வரதராசன்பேட்டைப் பக்கத்து ஆசிரியை ஒருவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர். அவரைக் கூட்டிவந்த கணவர், இவளுக்குக் கரும்பலகையில் எழுதக் கை வந்தால் போதும், பள்ளியில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு மூடியதும் நான் கேட்டேன்.

"புடவைக்குப் பின்னு குத்தணும்ங்க," என்றார் அவர். "தினமும் என் மாமியார் குத்தி வுடுறாங்க. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கணும். ஒருநாள் ரெண்டுநாள்னா பரவால்ல."

ஊக்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். மனிதக் கை செய்கிற வேலைகளில் அது கடினமானவற்றில் சேர்ந்தது. சின்ன இரும்பைப் பிடிக்க வேண்டும், அழுத்தித் திறக்க வேண்டும், பார்க்காமல் குத்த வேண்டும், திரும்ப மூட வேண்டும். அவரிடம் அதை மறைக்கவில்லை. முயற்சி செய்வோம், கிடைக்காமலும் போகலாம் என்றேன்.

மாதக்கணக்கில் பாடுபட்டோம். கழுத்தில் மின்சாரம் ஓடும்போது அவருடைய விரல்கள் திறந்தன, மின்சாரம் நின்ற பிறகும் அதில் ஒரு பங்கு தங்கியது. பெரிய துணிக்கவ்வியைப் பிடிக்க வந்தது, பிறகு சின்னது. சாக்பீஸ் நாங்கள் பழக்காமலே வந்துவிட்டது. கணவர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். ஊக்கு மட்டும் வரவில்லை. திறக்க முடிந்தது, தோளில் கொண்டுபோய்க் குத்த முடியவில்லை. ஆய்வில் சேர்ந்த மற்றவர்களிலும் சிலர் கேட்டதை அடைந்தார்கள், சிலர் பாதி வழி வந்தார்கள், ஒருவருக்கு ஒன்றுமே மாறவில்லை. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் இதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன். மாறாதவரைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

போன வாரம், பள்ளியில் மறுபடி சேர்ந்துவிட்ட அந்த ஆசிரியையைக் கடைசி அளவுக்காக வரச் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டைத்துணியில் கழுத்து மூடிய மேல்கோட்டு ஒன்றைப் புடவைமேல் போட்டிருந்தார், பள்ளியில் எல்லா ஆசிரியைகளும் போடுகிறதுதான். ஊக்கு அதற்குள் மறைந்திருந்தது. இன்னும் மாமியார்தான் குத்துகிறார். அளந்து முடித்ததும் நான் என் கணிப்பைச் சொன்னேன். சாக்பீஸ் பிடிப்பது நிலைத்துவிட்டது, அது போகாது. ஊக்கைப் பொறுத்தவரை இந்த முறையில் இவ்வளவுதான் என்றேன். திட்டம் முடிந்துவிட்டது, நன்றி என்று சொல்வது வழக்கம், அதையும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இது போதும்னு நான் சொல்ல மாட்டேங்க. அடுத்து என்ன செய்யலாம்?"

தோளை முன்னால் கொண்டுவரும் தசையை நாங்கள் தனியாகப் பழக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மின்சாரத்தைக் கழுத்தில் இன்னும் கொஞ்சம் மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சில நாட்களாக எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும், தாமதமாகும். காத்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"நான் எங்க போகப்போறேன்," என்றார். "ஸ்கூலு நாலு மணிக்கு விட்டுரும். அதுக்கப்புறம் எப்ப கூப்புட்டாலும் வரேன்."

நான் மேசையை இழுத்துப் போட்டு, அவருடைய தோளைப் பிடித்து, கையை முன்னால் கொண்டுவரச் சொன்னேன். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.